எந்தப் பழைய கணிப்பொறி நமக்கு ஏற்றது?



சென்ற பருவ விடுமுறைக்கு முன்னர் நம் விடுதியில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. அறைத் தோழர் அறுவர் ஒன்றுகூடி, மாதச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தைத் திரட்டி, 1980-களில் விளையாட்டுக்குப் பெயர்பெற்றிருந்த பழைய வீட்டுக் கணிப்பொறி ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தனர். வாங்குவதில் ஒற்றுமை இருந்தது. எதை வாங்குவது என்பதில்தான் இல்லை. ஒருவர் ‘கமடோர் 64’ என்றார். மற்றொருவர் ‘ஸ்பெக்ட்ரம்’ என்றார். மூன்றாமவர் ‘அமிகா’வைத் தவிர வேறொன்றும் வேண்டா என்று அடித்துப் பேசினார். முடிவில் நம் மன்றத்தாரிடம் வந்து, “இவற்றுள் சிறந்தது எது?” என்று கேட்டனர்.

இக்கேள்விக்கு நேராக விடை சொல்ல இயலாது. ஏனெனில் கேள்வியே சற்றுக் கோணலானது. பழைய பொறிகளுள் எல்லார்க்கும் சிறந்தது என ஒன்று இல்லை. இன்னாருக்கு, இன்ன ஆட்டத்திற்கு, இன்ன இடத்தில் ஏற்றது என்று சொல்லத்தக்க பொறிகளே உண்டு. ஆகவே ‘சிறந்தது எது?’ என்பதை விடுத்து, மூன்று கேள்விகளை முறையாகக் கேட்டல் வேண்டும். நாம் ஆட விரும்பும் ஆட்டம் எது? நம்மிடம் உள்ள திரையும் மின்சாரமும் அதற்கு ஒத்துவருமா? நாற்பது வயதான அப்பொறி பழுதானால் இங்கே அதைச் சீர்செய்ய முடியுமா? இம்மூன்றையும் இதே வரிசையில் கேட்பவர் ஏமாறமாட்டார். வரிசையை மாற்றி, விலையை மட்டும் முதலில் பார்ப்பவரது பொறி ஒரு மாதத்திற்குள் அலமாரியின் தலைமேல் ஏறித் தூசி படியும். அறுவர் பணம் அதில் அடங்கியிருக்கிறது என்பதை மறத்தல் ஆகாது.

வீட்டுக் கணிப்பொறி என்பது யாது?

1977-ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 போன்றவை தோன்றியது முதல் 1990-களின் தொடக்கம் வரையில், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீட்டில் பயன்படுத்துவதற்கென்று விற்கப்பட்ட சிறு கணிப்பொறிகளையே இப்பெயரால் குறிக்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவற்றில் விசைப்பலகையும் பொறியும் ஒரே பெட்டிதான். மின்விசையைப் போட்ட ஓரிரு நொடியிலேயே ‘ஆணையிடுக’ என்று காத்து நிற்கும். ஆட்டங்கள் கேசட்டிலோ, பிளாப்பித் தட்டிலோ, பொறியில் செருகும் கார்ட்ரிட்ஜிலோ வரும்.

இன்றைய கைப்பேசி ஒன்றில் 8 கிகாபைட் நினைவகம் இருப்பதாகக் கொள்வோம். அது 48 கிலோபைட் உடைய ஸ்பெக்ட்ரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் இலட்சம் மடங்கு பெரியது. அப்படியிருக்க, இந்தப் பழைய பொறி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்க வேண்டுவதில்லை. இப்பொறிகளின் உள்ளமைப்பு முழுவதையும் ஒரு மாணவன் ஒரு பருவத்திற்குள் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆட்டத்தை ஆக்கியவர் எங்கே இடம் போதாமல் இடர்ப்பட்டார், அதை எவ்வாறு கடந்தார் என்பதைத் திரையிலேயே காணலாம். ஆட்டமும் பாடமும் ஒன்றாகக் கிடைப்பது அரிதன்றோ?

முதற்கேள்வி: எந்த ஆட்டம்?

அக்காலத்து ஆட்டங்கள், தாம் பிறந்த பொறியின் சாயலைத் தாங்கியவை. இதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம்.

இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் திரையில் கிடையாக 256 புள்ளிகளும் நெடுக்காக 192 புள்ளிகளும் உண்டு. மொத்தம் 49,152 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுப்பதாயின், புள்ளிக்கு 4 பிட் வீதம் 24,576 பைட் வேண்டும். 48 கிலோபைட் என்பதோ 49,152 பைட். திரை ஒன்றே பாதி நினைவகத்தை விழுங்கிவிடும். பிறகு ஆட்டத்திற்கு இடம் ஏது? ஆகவே வடிவமைத்தோர் ஓர் உத்தி செய்தனர். புள்ளி உண்டு அல்லது இல்லை என்பதற்கு மட்டும் ஒரு பிட் ஒதுக்கினர். அதற்கு 6,144 பைட். நிறத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட கட்டத்திற்கு ஒன்றாகக் குறித்தனர். 768 கட்டங்களுக்கு 768 பைட். ஆக மொத்தம் 6,912 பைட்டில் வண்ணத் திரை முடிந்தது.

இச்சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. ஒரு கட்டத்தில் இரண்டு நிறங்களே இருக்க இயலும். ஆகவே சிவப்பு வீரன் பச்சை மரத்தருகே சென்றால் மரத்தின் நிறம் அவன்மேல் ஒட்டிக்கொள்ளும். இந்த ‘நிறமோதல்’ ஸ்பெக்ட்ரத்தின் குறை என்பர். ஆனால் இக்குறையைச் சுற்றியே அதன் கலை வளர்ந்தது. 1984-ல் வந்த ‘நைட் லோர்’ என்னும் ஆட்டத்தைப் பாருங்கள். ஒவ்வோர் அறையையும் ஒரே நிறத்தில் தீட்டி, நிறமோதலை அடியோடு தவிர்த்து, அதற்கு ஈடாக அறையைச் சாய்கோணத்தில் முப்பரிமாணமாகக் காட்டினர். மேத்தியூ ஸ்மித் 1983-ல் ஆக்கிய ‘மேனிக் மைனர்’, இருபது குகைகளும் அவற்றில் தாவும் சுரங்கத் தொழிலாளியுமாக, ஒற்றைக் கீச்சொலியைக் கொண்டே பின்னணி இசையும் தந்தது. கூர்மையான புதிர், தாவல், கற்பனை, சற்றே கிறுக்கான நகைச்சுவை: இவை வேண்டுவோர்க்கு ஸ்பெக்ட்ரம் ஏற்றது.

அமெரிக்காவின் கமடோர் 64 வேறு குணம் உடையது. 1982 ஆகஸ்டில் 595 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. இதன் செயலி நொடிக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் துடிப்பே உடையது; ஸ்பெக்ட்ரத்தின் செயலியோ 35 இலட்சம். எண்ணை மட்டும் பார்த்து ஸ்பெக்ட்ரமே வேகமானது என்று முடிவு கட்டிவிடல் ஆகாது. கமடோரில் திரைக்கெனத் தனிச்சில்லு ஒன்றும் ஒலிக்கெனத் தனிச்சில்லு ஒன்றும் உண்டு. திரைச்சில்லு, பின்னணியைக் கெடுக்காமல் அதன்மேல் மிதந்து செல்லும் ‘ஸ்பிரைட்’ என்னும் சிறு உருவங்கள் எட்டினைத் தானே இயக்கும். திரையையும் வழுக்கிக்கொண்டு நகர்த்தும். ‘சிட்’ எனப்படும் ஒலிச்சில்லு மூன்று குரலில் பாடும். பாப் யானஸ் வடிவமைத்த இச்சில்லுக்கென்றே ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்ற இசைஞர்கள் அமைத்த மெட்டுகளை இன்றும் தனியே கேட்டு மகிழ்வோர் உளர். ஓடுதல், சுடுதல், பக்கவாட்டில் விரையும் காட்சி, நல்ல இசை: இவை வேண்டுவோர்க்குக் கமடோர் 64.

ஏக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோ 1981 டிசம்பரில் வந்தது. பள்ளிகளுக்கென்று உறுதியாகக் கட்டப்பட்ட பொறி. இதில்தான் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-ல் ‘எலீட்’ என்னும் விண்வெளி வணிக ஆட்டத்தை ஆக்கினர். 32 கிலோபைட் நினைவகத்தில் எட்டு விண்மீன் மண்டலங்கள், மண்டலத்திற்கு 256 உலகங்கள்! இத்தனை உலகங்களையும் எழுதிச் சேமித்து வைக்கவில்லை. சில எண்களை விதையாக வைத்து, வேண்டும்பொழுது கணக்கிட்டு வரவழைத்தனர். கணிதம் பயிலும் நம் நண்பர்கள் இதைக் கட்டாயம் காண வேண்டும். எனினும் பி.பி.சி. மைக்ரோவிற்கு வந்த ஆட்டங்களின் தொகை முன்சொன்ன இரண்டையும்விடக் குறைவு.

1987-ல் வந்த அமிகா 500 அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. 512 கிலோபைட் நினைவகமும், 4,096 நிறங்களிலிருந்து தெரிந்தெடுக்கும் வசதியும், பதிவுசெய்த ஓசையையே நான்கு தடத்தில் எழுப்பும் ஒலியமைப்பும் உடையது. ‘ஸ்பீட்பால் 2’ (1990), ‘லெம்மிங்ஸ்’ (1991), ‘சென்சிபிள் சாக்கர்’ (1992) முதலியவை இதில் புகழ்பெற்றவை. இரு சுட்டிகளை இணைத்து லெம்மிங்ஸை இருவர் எதிரெதிராக ஆடலாம். நண்பர் கூட்டமாக ஆடும் விடுதிக்கு அமிகா பொருத்தமானது.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஆம்ஸ்ட்ராட் சி.பி.சி. 464 (1984) கேசட் இயந்திரத்தைத் தன்னுள்ளேயே கொண்டது. திரையும் சேர்த்தே விற்கப்பட்டது. எம்.எஸ்.எக்ஸ். என்பது 1983-ல் அறிவிக்கப்பட்ட ஒரு பொதுத்தரம். பல நிறுவனங்கள் அதையொட்டிப் பொறி செய்தன. கோனாமி நிறுவனத்தின் நல்ல ஆட்டங்கள் பல இதில் உண்டு. 1987-ல் ‘மெட்டல் கியர்’ முதலில் தோன்றியது எம்.எஸ்.எக்ஸ். 2-ல்தான். ‘டஞ்சன் மாஸ்டர்’ 1987-ல் முதலில் வந்தது அடாரி எஸ்.டி.யில். ஜோர்டன் மெக்னரின் ‘காரட்டேகா’வும் (1984) ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வும் (1989) பிறந்த இடம் ஆப்பிள் 2.

ஒரே ஆட்டம் பல பொறிகளுக்கும் எழுதப்பட்டதுண்டு. ஆயினும் பெயர் ஒன்றாயிருப்பதால் ஆட்டமும் ஒன்றாயிராது. ஆகவே ஆளுக்கு ஐந்து ஆட்டத்தின் பெயரைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பொறியில் நன்றாயிருந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தப் பொறியின் பெயர் மிகுதியாக வருகிறதோ அதுவே உங்கள் பொறி. நம் அறுவர் வழக்கில் பாதி இதனாலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: திரையும் மின்சாரமும்

நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; நொடிக்கு 50 சுழற்சி. 1982-ல் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியபொழுது நாம் ஏற்றுக்கொண்ட தொலைக்காட்சி முறை ‘பால்’ எனப்படுவது. இங்கிலாந்திலும் அம்முறையே இருந்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ‘என்.டி.எஸ்.சி.’ முறை; அங்கே மின்னழுத்தமும் குறைவு. அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்.

இதனால் வரும் விளைவுகள் இரண்டு. அமெரிக்கக் கமடோரின் மின்வழங்கியை நம் சுவரில் நேரே செருகினால் அது கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வாங்கி இதைச் சரிசெய்யலாம். ஆட்டத்தின் வேகம் மாறுவதோ மின்மாற்றியால் தீராதது. பால் பொறி நொடிக்கு 50 முறை திரையை வரையும், என்.டி.எஸ்.சி. பொறி 60 முறை வரையும். பல ஆட்டங்கள் இந்த வரைதலையே தாளமாகக் கொண்டு ஓடுபவை. ஐரோப்பாவில் எழுதிய ஆட்டத்தை அமெரிக்கப் பொறியில் இட்டால் ஐந்தில் ஒரு பங்கு விரைந்து ஓடும், இசையும் அவசரப்படும், சில ஆட்டங்கள் ஓடவே மாட்டா. நாம் மேலே சொன்ன ஸ்பெக்ட்ரம், கமடோர், அமிகா ஆட்டங்களில் பல ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது, “இது பால் பொறியா?” என்பதே. அமெரிக்காவிலுள்ள உறவினர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அனுப்ப முன்வந்தாலும், இதைக் கேளாமல் இசையாதீர்கள்.

அடுத்தது திரை. ஸ்பெக்ட்ரம் தன் படத்தை வானலை அலைவரிசையாகவே வெளியிடும். தொலைக்காட்சியில் நிலையம் தேடுவதுபோல் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளே சிறு கம்பி மாற்றம் ஒன்று செய்தால், மஞ்சள் நிறத் துளையில் செருகும் நேர்ப்படமாகவே பெறலாம். வானொலி பழுதுபார்ப்பவர் எவரும் இதைச் செய்துவிடுவார். கமடோர் 64-ல் நேர்ப்படத் துளை முன்னரே உண்டு. அமிகா 500-ல் உள்ள மஞ்சள் துளையோ கறுப்பு வெள்ளைப் படத்தையே தரும். வண்ணம் வேண்டுமாயின் அதன் ஆர்.ஜி.பி. துளையிலிருந்து எடுக்க வேண்டும். ஐரோப்பியர் இதை ‘ஸ்கார்ட்’ என்னும் அகன்ற துளையின் வழியே தொலைக்காட்சியில் இணைத்தனர். நம் நாட்டுத் தொலைக்காட்சிகளில் அத்துளை பெரும்பாலும் இல்லை. ஆகவே அமிகா வாங்குவோர் படமாற்றிக் கருவிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராட் 464-க்கோ மின்சாரமே அதன் திரைப்பெட்டியிலிருந்துதான் வருகிறது. திரையின்றி விசைப்பலகையை மட்டும் வாங்கிவந்தவர், அதற்கென வேறு மின்வழங்கி தேடவேண்டியிருக்கும்.

பழைய ஆட்டத்திற்குப் பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியே உகந்தது. புதிய தட்டைத் தொலைக்காட்சிகளுள் சில, இப்பழைய படத்தைச் சீர்ப்படுத்துகிறேன் என்று ஒரு கணம் தாமதித்துக் காட்டும். தாவவேண்டிய நேரத்தில் நீங்கள் பள்ளத்தில் விழுந்திருப்பீர்கள். நம் ஊரில் ‘காயலான் கடை’ என்போமே, அதுபோன்ற கடைகளில் இங்கும் இத்தகைய பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் அதன் முதுகைத் திறவாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அக்குழாயில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மூன்றாம் கேள்வி: சீர்செய்ய முடியுமா?

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே தீரவேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி நோய் உண்டு.

ஸ்பெக்ட்ரத்தின் விசைகளுக்கு அடியில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. வயதானால் அது மொரமொரப்பாகி விரிசல் விடும். சில விசைகள் வேலை செய்யா. இது சிறு நோய். புதிய படலம் இன்றும் செய்து விற்கிறார்கள். கீழ் 16 கிலோபைட் நினைவகச் சில்லுகள் மூன்று வேறு மின்னழுத்தங்களை நாடுபவை. அவற்றுள் ஒன்று தவறினாலும் கெடும். இதற்கும் மருந்து உண்டு. எல்லாவற்றினும் கொடியது நாமே இழைக்கும் பிழை. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் மின்வழங்கியில் செருகுமுனையின் நடுப்பகுதி எதிர்முனை. இன்றைய இணைய ரவுட்டர்கள் முதலியவற்றின் அடாப்டர்களில் நடுப்பகுதி பெரும்பாலும் நேர்முனை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பொருந்தவும் பொருந்தும். நண்பர் ஒருவர் ஆவலை அடக்கமாட்டாமல், கையிலிருந்த அடாப்டரைச் செருகிவிட்டார். நாற்பது ஆண்டு பிழைத்திருந்த பொறி, நம் விடுதிக்கு வந்த முதல் மாலையிலேயே மூச்சை விட்டது. பணம் போனதைவிட, ஒரு பழம்பொருள் தம் கையால் அழிந்ததே என்ற வருத்தம் அவரை நெடுநாள் விடவில்லை.

கமடோர் 64-க்குப் பகை அதன் பழைய மின்வழங்கியே. பிசின் ஊற்றி அடைத்த கனத்த செங்கல்போன்ற பெட்டி அது. உள்ளேயுள்ள சீராக்கி கெட்டால், 5 வோல்ட்டாக வரவேண்டியது அதற்கு மேல் ஏறி, நினைவகச் சில்லுகளை மாய்த்துவிடும். பொறியோடு பழைய மின்வழங்கியும் இலவசம் என்று விற்பவர் சொன்னால், நன்றி கூறி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், செருகாதீர்கள். இன்று புதிதாகச் செய்யப்படும் மின்வழங்கி ஒன்றை வாங்குவதே அறிவுடைமை. ‘சிட்’ சில்லைப் பழைய முறையில் இன்று எவரும் உற்பத்தி செய்வதில்லை. அதன் இடத்தில் பொருத்தத்தக்க புதிய மாற்றுப் பலகைகள் உண்டு.

பி.பி.சி. மைக்ரோவின் மின்வழங்கியில், கண்டென்சர் என்று நாம் வழங்கும் மின்தேக்கிகளுள் ஒருவகை வெடிப்பு விட்டு ஈரம் உறிஞ்சியிருக்கும். பொறியைப் போட்ட சில நிமிடத்தில் துர்நாற்றமும் வெண்புகையும் எழும். முன்னதாகவே அவற்றை மாற்றிவிட வேண்டும். இது வீட்டு மின்சாரம் நேரே பாயும் பகுதியாதலின், தெரிந்தவரைக் கொண்டே செய்விக்க.

அமிகா 500-ன் நினைவக விரிவுப் பலகையிலும், அமிகா 500 பிளஸ் என்னும் பின்வந்த பொறியின் தாய்ப்பலகையிலும் கடிகாரத்திற்கென ஒரு சிறு மின்கலம் உண்டு. ஆண்டுகள் சென்றால் அது கசிந்து, செம்புத் தடங்களை அரித்துவிடும். ஆகவே அமிகா வாங்குமுன் உட்பலகையின் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். மின்கலத்தைச் சுற்றிப் பச்சையோ வெண்மையோ பூத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மிகவும் பூத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆட்டத்தை ஏற்றும் வழி

பொறி வந்துவிட்டது, ஆட்டம் எங்கே? நாற்பது ஆண்டுப் பழைய கேசட்டுகளை நம்பியிருக்க வேண்டுவதில்லை. ஸ்பெக்ட்ரத்திற்குக் கேசட் என்பது வெறும் ஓசைதான். அவ்வோசையை மடிக்கணினியிலிருந்து ஒரு கம்பிவழியே அதன் ‘செவி’த் துளைக்குள் செலுத்தினால் போதும். நொடிக்கு ஏறத்தாழ 1,500 பிட் வீதம் ஏறுவதால், முழுநீள ஆட்டம் ஏற நான்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்தக் கீச்சொலியும், திரையோரத்தில் ஓடும் வண்ணக் கோடுகளும் கண்டு காத்திருப்பதே ஒரு சடங்கு. பொறுமையில்லாதவர்க்கு எஸ்.டி. அட்டையிலோ யு.எஸ்.பி. நினைவியிலோ ஆயிரம் ஆட்டங்களை வைத்து விரைவாக ஏற்றும் கருவிகளும் உண்டு. ஸ்பெக்ட்ரத்திற்கு ‘டிவ் எம்.எம்.சி.’, கமடோருக்கு ‘எஸ்.டி. 2 ஐ.இ.சி.’, அமிகாவிற்கும் அடாரி எஸ்.டி.க்கும் ‘கோடெக்’ என்பன அவற்றுள் சில.

ஜாய்ஸ்டிக் பற்றியும் ஒரு சொல். கமடோர், அமிகா, அடாரி ஆகியவற்றில் ஒன்பது ஊசித் துளை இரண்டு உண்டு. ஒரே ஜாய்ஸ்டிக் மூன்றிற்கும் பொருந்தும். பழைய 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் துளையே இல்லை. ‘கெம்ப்ஸ்டன்’ முதலிய இடைக்கருவி வேண்டும், அல்லது விசைகளாலேயே ஆட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம்

இவ்வளவும் படித்த பின்னரும் உடனே பணத்தை அனுப்பிவிடாதீர்கள். பழைய பொறியைப்போலவே நடந்துகொள்ளும் ‘எமுலேட்டர்’ என்னும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கமடோருக்கு ‘வைஸ்’, ஸ்பெக்ட்ரத்திற்கு ‘ஃப்யூஸ்’, அமிகாவிற்கு ‘வின்யு.ஏ.இ.’ என்பன பெயர்பெற்றவை. ஸ்பெக்ட்ரத்தின் உள்நிரலை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்க, அதன் உரிமையைப் பெற்றிருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் இசைவும் தந்துள்ளது.

தாளில் எழுதிய ஆட்டங்களை ஒரு மாதம் எமுலேட்டரில் ஆடிப் பாருங்கள். இரண்டாம் வாரத்திலேயே சலித்துவிட்டால், ஒரு காசும் செலவின்றி உண்மை தெரிந்துவிட்டது. மாதம் முடிந்தும் ஆவல் தணியவில்லையாயின், உண்மைப் பொறி உங்களுக்குத் தகும். ஆட்டம் மட்டும் போதும், பழுதுபார்க்கும் தொல்லை வேண்டா என்போர்க்கு இன்னொரு வழியும் உண்டு. பழைய உருவில் புதிய பாகங்களோடு செய்த பொறிகள் விற்கப்பட்டுள்ளன: கமடோர் 64-ன் முழு உருவம் 2019-லும், அமிகா 500-ன் சிற்றுருவம் 2022-லும், ஸ்பெக்ட்ரத்தின் உருவம் 2024-லும் வந்தன. இவற்றை இன்றைய தொலைக்காட்சியில் நேரே செருகி ஆடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சந்தையில் செய்யவேண்டியவை

1. பொறி ஓடும்பொழுது எடுத்த காணொளியைக் கேட்க. ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று விற்பவர் சொன்னால், ‘ஓடவில்லை’ என்றே கொள்க.
2. பால் முறையா, எத்தனை வோல்ட் என்பதை எழுத்தில் பெறுக.
3. எல்லா விசைகளையும் அழுத்திக் காட்டச் சொல்க.
4. உட்பலகையின் படத்தை வாங்கிப் பார்க்க.
5. வெளிநாட்டிலிருந்து வருவதாயின், அஞ்சற் கட்டணமும் சுங்கவரியும் சேர்த்து மொத்த விலையைக் கணக்கிடுக. பொறியின் விலையைவிட இவை மிகுவதும் உண்டு.
6. வந்ததும் மின்வழங்கியைத் தனியே மல்ட்டிமீட்டரால் அளந்த பின்னரே பொறியோடு இணைக்க.

நம் நாட்டிலேயே தேடுவோர்க்கும் இடம் உண்டு. 1984-ல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ பொறிகள் நம் பள்ளிகளுக்கு வந்தன. 1980-களின் பிற்பகுதியில் ஸ்பெக்ட்ரம் பிளஸ், ‘டி.பி. ஸ்பெக்ட்ரம்’ என்னும் பெயரில் உரிமத்துடன் இந்தியாவில் விற்கப்பட்டது. இவை நம் மின்சாரத்திற்கும் நம் தொலைக்காட்சிக்கும் என்றே வந்தவை. யாருடைய மாமா வீட்டுப் பரணில் எது கிடக்கிறதோ! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை.

முடிவுரை

அறுவர் வழக்கிற்கு இப்பொழுது தீர்ப்புச் சொல்லலாம். இசையும் விரைவும் நாடுவோர் பால் முறைக் கமடோர் 64-ஐயும் புதிய மின்வழங்கி ஒன்றையும் வாங்குக. கூட்டமாக ஆடுவோர், படமாற்றிக் கருவிக்கும் பணம் இருப்பின், அமிகா 500 வாங்குக. குறிப்பிட்ட ஆட்டம் எதுவும் மனத்தில் இல்லை, பழைய பொறி எப்படியிருக்கும் என்று அறியவே ஆவல் என்போர்க்கு என் பரிந்துரை 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம். அதன் உள்ளே தனிப்பட வடிவமைத்த சில்லு ஒன்றே. மற்றவை அக்காலப் பொதுச் சில்லுகள். அதன் செயலியான இசட் 80 வகை 1976-ல் தோன்றியது. அதன் மூல நிறுவனம் 2024-ல்தான் அதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே பழுதுபார்க்கச் சில்லு கிடைப்பது இன்னும் அரிதாகிவிடவில்லை. உள்நிரல் முழுவதற்கும் வரிவரியாக விளக்கம் எழுதி 1983-லேயே நூலாக வெளியிட்டிருக்கிறார்கள். படித்துக்கொண்டே ஆடவும், ஆடிக்கொண்டே படிக்கவும் இதனினும் எளிய பொறி இல்லை.

எதை வாங்கினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். இப்பொறிகள் இனிப் பிறக்கப்போவதில்லை. நம் கைக்கு வருவது, முன் தலைமுறையினர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்து விட்டுச்சென்றது. அதை ஆடிக் களிப்பது நம் உரிமை. நமக்குப் பின் இவ்விடுதிக்கு வரும் மாணவர் கையில் உயிரோடு ஒப்படைப்பது நம் கடமை. செருகுமுன் ஒருமுறை அளந்து பார்க்கும் பொறுமை இருந்தால் இரண்டும் கைகூடும்.